தாய்வழிக்குக் கட்டம் இல்லை

ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை அரசியலமைப்பின் 366(2) பிரிவு சொல்கிறது. தந்தையோ, தந்தைவழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க வேண்டும். இந்தியாவில் நிலையாக வாழ்ந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்திருக்க வேண்டும். மொழியையோ மதத்தையோ இந்த வரையறை கேட்பதில்லை. தாயையும் கேட்பதில்லை.

இதன் விளைவு திருச்சி பொன்மலையில் வீட்டுக்குள்ளேயே தெரியும். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை 1920-களின் பிற்பகுதியில் இங்கே வந்தபோது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ரயில்வே குடியிருப்பில் குடியேறின. அப்படியொரு வீட்டின் அண்ணனும் தங்கையும் தமிழர்களை மணந்தால், அண்ணன் பிள்ளை ஆங்கிலோ இந்தியர். தங்கை பிள்ளை அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பாட்டி கையால் மஞ்சள் தேங்காய்ச் சோறும் கறி உருண்டைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்திருப்பார்கள். சட்டத்துக்கு அது கணக்கில்லை. இத்தனைக்கும், சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரில் எவருடைய சாதியிலும் சான்றிதழ் பெறத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழியுண்டு.

சட்ட வரையறையில் மட்டுமல்ல, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்திலும் குறை இருந்தது; அது எண்ணிக்கையில் எதிரொலித்தது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆங்கிலோ இந்தியர் 296 பேர்தான் என்று 2019 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் இச்சமூகத்துக்கென இருந்த நியமன உறுப்பினர் இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்தன. அந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலோ இச்சமூகத்துக்கென்று தனிக் கேள்வியே கிடையாது. கேட்காத கேள்விக்கு வந்த விடையை வைத்து ஒரு சமூகத்தின் அளவைத் தீர்மானிப்பது முறையாகாது.

இரு வழி மரபையும் பதிவதற்குப் பிற நாடுகளில் வழியுண்டு. சிங்கப்பூர் 2011 முதல் கலப்பினப் பிள்ளைகளுக்கு ‘இந்தியர்-சீனர்’ என இரட்டை இனப் பதிவை அனுமதிக்கிறது. ஆனால், அரசு வீட்டு ஒதுக்கீட்டின் இன விகிதத்துக்கு முதலில் எழுதிய இனமே செல்லும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம். ஓர் இனத்தை மட்டும் குறித்தவர்கள் தனியாகவும், பிற இனங்களோடு சேர்த்துக் குறித்தவர்களையும் உள்ளடக்கி இன்னொரு முறையும் எண்ணப்படுகிறார்கள். இரண்டில் இதுவே நேர்மையானது.

ஒன்றுக்கு மேற்பட்டதைக் குறிக்கும் முறை இந்தியாவுக்கும் புதிதல்ல. 2011 படிவம் தாய்மொழியைத் தவிர, தெரிந்த வேறு இரு மொழிகளுக்கும் இடம் தந்தது. ஸ்ரீரங்கத்தில் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வாழ்பவர் இரண்டையும் எழுத முடிந்தது. வம்சாவளிக்கும் அதே வசதி போதும்: தாய்வழி, தந்தைவழி இரண்டையும் விவரம் தருபவரே சொல்ல வேண்டும், விரும்பாதவர் விட்டுவிடலாம். சலுகைக்கான தகுதியைத் தனி விதி தீர்மானிக்கட்டும். 2027 கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகவிருப்பதால், இதைச் சேர்ப்பதற்கு உரிய நேரமும் இதுவே.