ஜி.எச். வாசல்வரை ஆகும் செலவு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தில் 21,59,775 பேர். அதே கணக்கெடுப்பு தமிழ்நாடு முழுவதும் 11,79,963 மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. மாநில மக்கள்தொகையில் 1.64 சதவீதம். அந்த விகிதத்தைத் திண்டுக்கல்லுக்குப் பொருத்தினால் சுமார் 35,300 பேர் வருவார்கள். அனைத்திந்திய விகிதமான 2.21 சதவீதத்தைப் பொருத்தினால் 47,700. உலக மக்களில் 16 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதைப் பொருத்தினால் 3,45,000.

ஒரே மாவட்டம், கேட்கும் கேள்வி மாறினால் எண்ணிக்கை பத்து மடங்கு மாறுகிறது. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, வீட்டில் யாருக்காவது ஊனம் உண்டா என்று கேட்டால், காது மந்தமான பாட்டியையும் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் மகனையும் பல வீடுகள் சொல்வதில்லை. உண்மை பெரிய எண்ணுக்கு அருகில்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாவற்றையும் ஆகக் குறைந்த எண்ணான 35,300ஐ வைத்தே போடுகிறேன். இந்தச் சிறிய எண்ணிக்கைக்கே நம் ஏற்பாடுகள் போதவில்லை என்றால், மற்ற இரண்டையும் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. பதினொன்றுக்கும் சேர்த்துச் சுமார் 4,000 கோடி ரூபாய். சராசரியாக ஒன்றுக்கு 364 கோடி. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கும், மருந்துக்கும், அறுவை சிகிச்சைக்கும் ஏழையிடம் காசு வாங்குவதில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இவை பெரிய காரியங்கள்.

அப்படியானால் மாற்றுத்திறனாளியின் கையிலிருந்து பணம் எங்கே போகிறது? வீட்டுக்கும் ஜி.எச். வாசலுக்கும் நடுவில் போகிறது.

குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் சுமார் 40 கிலோமீட்டர். புறநகர்ச் சாதாரணப் பேருந்துக்கு 2018இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. 40 கிலோமீட்டருக்கு 23 ரூபாய். மாற்றுத்திறனாளிக்கு 75 சதவீதச் சலுகை போக 6 ரூபாய். மருத்துவமனைக்குச் சென்றுவர இலவசப் பாஸும் உண்டு. ஆக, பேருந்தில் ஏற முடிந்தவருக்குப் பயணம் கிட்டத்தட்ட இலவசம்.

ஏற முடியாதவருக்கு? வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்துக்கு அது 400. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர், பெருமூளை வாதம் வந்த 14 வயதுப் பையன், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த பெரியவர் ஆகியோருக்கு அந்த 900 மில்லிமீட்டரைத் தாண்ட ஆள் தூக்க வேண்டும். தூக்க ஆள் இல்லாதவர் வாடகைக் கார் பிடிக்கிறார். அவருடைய ஒரு நாள் கணக்கு இது. கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று குறைத்தே போட்டிருக்கிறேன்.

கார், போக வர 80 கி.மீ.: ரூ.1,200
காத்திருப்பு: ரூ.300
கூட வரும் துணையாள் இழந்த கூலி: ரூ.336
இருவர் சாப்பாடு, டீ: ரூ.150
மொத்தம்: ரூ.1,986

336 என்பது நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போகிறவரோ, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரோ துணையாளாக வந்தால் இழப்பு இன்னும் அதிகம்.

கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஒரே ஒரு முறை மருத்துவமனைக்குப் போய்வந்தால் அதில் மிஞ்சுவது 14 ரூபாய்.

பேருந்துச் சலுகை யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. ஊனம் லேசாக இருப்பவருக்குப் போக வரப் பயணம் 12 ரூபாய். கடுமையாக இருப்பவருக்கு 1,500 ரூபாய். அதிகம் தேவைப்படுகிறவருக்கு மிகக் குறைவாகப் போய்ச் சேரும்படி ஒரு சலுகை அமைந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக யாரும் திருத்தவும் இல்லை.

பயணம் இல்லாமலே ஆகும் மாதச் செலவையும் பார்க்க வேண்டும். சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாதவருக்குப் பெரியவர்களுக்கான டயாப்பர் நாளுக்கு 3 என்று வைப்போம். ஒன்று 35 ரூபாய் என்றால் மாதம் 3,150. உதவித்தொகையைவிட 1,150 அதிகம். அதனால் பல வீடுகளில் பழைய வேட்டி, சேலைதான். ஈரம் தங்கினால் படுக்கைப்புண் வருகிறது. படுக்கைப்புண் ஆழமானால் மாதக்கணக்கில் படுக்கை, பிறகு காய்ச்சல், பிறகு 108. அந்த நிலையில் மருத்துவமனை செய்யும் செலவு பல ஆயிரங்கள். முதலிலேயே நல்ல குஷன் ஒன்றும், மணிக்கு இரண்டு மூன்று முறை உடலை நகர்த்திக்கொள்ளும் பயிற்சியும் கிடைத்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 20 ஆண்டுகளைத் தின்பவற்றில் இப்படித் தடுக்கக்கூடிய புண்ணும் சிறுநீரகத் தொற்றும் உண்டு.

உதவித்தொகையில் இன்னொரு வகை, வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம். 2023 ஜனவரியில் அது 1,000இலிருந்து 1,500 ஆனது. அதே ஆண்டு முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 24, மற்றவர்களுக்கான இதேபோன்ற திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 1,200இல் 25 சதவீதம் 300. கூட்டினால் சரியாக 1,500. சட்டம் வைத்த கீழெல்லையில், ஒரு ரூபாய் மேலேயும் போகாமல் நிற்கிறோம். ஆந்திரம் 2024இல் இதே ஓய்வூதியத்தை 6,000 ஆக்கியது. முற்றிலும் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000. மத்திய அரசின் பங்கு, 80 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ள வறியவருக்கு மாதம் 300 ரூபாய். 2012க்குப் பிறகு அந்த எண் நகரவே இல்லை.

இவை எல்லாமே அடையாள அட்டை கையில் இருப்பவருக்குத்தான். 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்றில், நாட்டில் ஊனச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம். அந்தச் சராசரி இங்கேயும் பொருந்துமானால், 35,300 பேரில் சுமார் 10,200 பேரிடம்தான் சான்று இருக்கும். இப்போது இணையத்தில் விண்ணப்பித்து யூ.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டை பெறலாம். ஆனால் மருத்துவர் முன் நேரில் நின்றாக வேண்டும். எலும்பு டாக்டர் விடுப்பு, காது பரிசோதனைக் கருவி பழுது, இன்னொரு முகாமுக்கு வாருங்கள் என்று மூன்று முறை அலைந்தால் மேற்சொன்ன கணக்கில் 5,958 ரூபாய். உதவித்தொகை கிடைப்பதற்கு முன்பே ஏறக்குறைய மூன்று மாத உதவித்தொகை கரைந்துவிடுகிறது.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. நல்ல திட்டம், தெரியாதவர்கள் விசாரித்துச் சேர வேண்டும். அதிலும் போக்குவரத்துக்கு ஒதுக்கியிருப்பது ஆண்டுக்கு 1,000 ரூபாய். குஜிலியம்பாறைக்காரருக்கு ஒரு முறைக்கான கார் வாடகையே அதைத் தாண்டும்.

சரி, மருத்துவம் வீடு தேடி வந்தால்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்கான சரியான யோசனை. வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர், நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு ஒரு செவிலியர் என்பது அதன் அடிப்படை ஏற்பாடு. திண்டுக்கல் மாவட்டத்தில் 14 வட்டாரங்கள். நகரங்களையும் சேர்த்துப் பகிர்ந்தால் வட்டாரத்துக்கு 2,520 மாற்றுத்திறனாளிகள். பத்தில் ஒருவருக்கு மட்டும் வீட்டில் பயிற்சி தேவை என்று வைத்தால் 252 பேர். ஓர் இயன்முறை மருத்துவர் நாளுக்கு 6 வீடு, மாதம் 25 நாள் போனால் 150 வீடுகள். அதாவது ஒரே நோயாளியை மறுபடி பார்க்க 50 நாள் ஆகும். பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்கள்தான் கையும் காலும் திரும்பி வரக்கூடிய காலம். அந்தக் காலத்தில் அவர் இரண்டு முறை வருவார். உழைக்கிற அந்த ஒரு மனிதரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வட்டாரத்துக்கு நால்வர் வேண்டும்.

வாசலை எப்படியோ எட்டியவருக்கு அடுத்தது படிக்கட்டு. 15 செ.மீ. உயரத்தில் 5 படி என்றால் 75 செ.மீ. சாய்தளத்துக்கான விதி 1:12, அதாவது 75 செ.மீ. ஏற 9 மீட்டர் நீளம் வேண்டும். நம் ஊர்களில் பல கட்டடங்களில் இருப்பது இரண்டு மூன்று மீட்டர் சரிவு. அதில் சக்கர நாற்காலியைத் தானாக உருட்டி ஏற்ற யாராலும் முடியாது; இறங்கும்போது குப்புற விழும். உள்ளே பரிசோதனை மேசை. சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 48 செ.மீ.; மேசை 75க்கு மேல். அந்த இடைவெளியைத் தாண்ட முடியாததால் நாற்காலியில் உட்கார வைத்தபடியே பார்த்து அனுப்பப்படும் பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை நடப்பதே இல்லை. உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை ஒன்றின் விலை 60,000 என்று வைத்தாலும் 14 வட்டார மருத்துவமனைகளுக்கும் சேர்த்து 8.4 லட்சம் ரூபாய்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2016 சட்டத்தின் பிரிவு 25, மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளும் தடையற்று இருக்க வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும், குறிப்பாகக் கிராமப்புறத்தில் இருப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவம் வேண்டும் என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த ஐந்து ஆண்டு கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

வழிச் செலவு மருத்துவத்தின் பகுதி என்று இந்தப் பக்கத்து மனிதர் ஒருவர் எப்போதோ காட்டிவிட்டார். கீல்வாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்ட டாக்டர் ஜி.வெங்கடசாமி அந்தக் கைகளாலேயே லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தவர். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்; திண்டுக்கல்லிலும் அதன் கிளை உண்டு. அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்து ஜனங்கள் வராததைக் கண்டார்கள். இலவச சிகிச்சையோடு பேருந்தும் சாப்பாடும் தந்த ஊர்களில் அதிகம் பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பதை 1991இல் வெளியான தென்னிந்திய ஆய்வு பதிவு செய்தது. அதனால்தான் அரவிந்த் முகாம்களில் நோயாளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, சிகிச்சை முடித்து ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்கே உரிய முன்னுதாரணம் இன்னும் பழையது: காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947இல் தொடங்கிய பணியும், 1960களில் ஆத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்ற சுகாதாரப் பணியாளர்களும்.

கண்ணுக்குச் செய்ததை முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் செய்ய என்ன ஆகும்? வட்டாரத்துக்கு ஒரு வண்டி. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பலகை வைத்தது. நாளுக்கு 100 கி.மீ., அதே 15 ரூபாய், மாதம் 25 நாள். வண்டிக்கு 37,500. 14 வண்டிக்கு மாதம் 5.25 லட்சம்; ஆண்டுக்கு 63 லட்சம். 35,300 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 178 ரூபாய். கிலோமீட்டருக்கு 30 ரூபாய் ஆனாலும் 357. ஒரு மருத்துவக் கல்லூரிக்குச் சராசரியாகச் செலவிட்ட 364 கோடியில் 63 லட்சம் என்பது 0.2 சதவீதம்கூட இல்லை. கல்லூரியைக் கட்டியாயிற்று; அதன் வாசலுக்கு மிகவும் தேவைப்படுகிறவரைக் கொண்டுவரும் செலவு இவ்வளவுதான்.

உலக வங்கி 2022இல் 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்த தமிழ்நாடு உரிமைகள் திட்டம், மறுவாழ்வுச் சேவைகளை மக்களுக்கு அருகே கொண்டுபோவதற்காக வந்தது. அதன் கணக்கில் இந்த வண்டிக்கு இடம் தேட முடியும். தேடச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 306 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று வரித் தீர்மானம் போதும்: எங்கள் வட்டாரத்துக்குச் சக்கர நாற்காலி ஏறும் வண்டி ஒன்று வேண்டும், இயன்முறை மருத்துவர் நால்வர் வேண்டும், சான்றிதழ் முகாம் வட்டார மருத்துவமனையிலேயே, எல்லா டாக்டர்களோடும் ஒரே நாளில் நடக்க வேண்டும். வீட்டில் மாற்றுத்திறனாளி இருப்பவர்கள் எழுந்து கேளுங்கள். இல்லாதவர்கள் அவர்களுக்கு முன்பே எழுந்து கேளுங்கள்.