பணியாளர் நோயுற்றால் பொறுப்பு யாருடையது?

ஆழ்வார்திருநகரி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் இருவரோ மூவரோ வேலை செய்யும் சிறு கடைகள் ஏராளம். அங்கே பணியாளர் நோயில் வீழ்ந்தால், முதலாளி மனமுவந்து கொடுப்பதே மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. கொடுப்பவருக்கு அது நன்மையே. ஆயினும் கேட்டு நிற்பவருக்கு அது கூச்சமன்றோ?

இந்த உதவியை உரிமையாக்கும் நோக்குடன் பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அறிக்கை அளித்தார். அதன் வழியே 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

முதலாளிமார் கூறும் தடைகள் மூன்று.

முதலாவது, செலவு. 2019 ஜூலையில் முதலாளியின் பங்கு 4.75 விழுக்காட்டிலிருந்து 3.25 ஆகவும், தொழிலாளியின் பங்கு 1.75-இலிருந்து 0.75 ஆகவும் குறைக்கப்பட்டன. இதன்படி 12,000 ரூபாய் ஊதியத்திற்கு முதலாளி செலுத்துவது 390 ரூபாய். தொழிலாளி செலுத்துவது 90 ரூபாய். இதற்கு ஈடாகக் குடும்பத்திற்கே மருத்துவம் கிட்டுகிறது. உரிய தகுதி பெற்றவருக்கு நோய்க்கால ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு.

இரண்டாவது, மருந்தகம் தொலைவில் இருக்கிறது, காத்திருக்க நேர்கிறது என்னும் குறை. இது நியாயமானதே. ஆனால் குறையைத் திருத்தக் கோருவது வேறு; பத்தாமவரைப் பதிவேட்டில் எழுதாமல் ஒன்பதோடு நிறுத்திக் கொள்வது வேறு. பின்னது அந்தப் பத்தாமவரின் உரிமையைப் பறிப்பதாகும். தொழிலாளியிடம் பிடித்த பங்கைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வதோ அமானித மோசடி.

மூன்றாவது, மார்க்க ஐயம். இலாப நோக்குள்ள வணிகக் காப்பீட்டை ஜித்தாவில் 1985-இல் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் பேரவை ஏற்கவில்லை. நன்கொடை அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பை அனுமதித்தது. மலேசியா 1984-லேயே தகாஃபுலுக்குச் சட்டம் இயற்றியது. இ.எஸ்.ஐ. இலாபத்திற்காக விற்கப்படும் பாலிசி அன்று. சட்டம் விதித்த பொது நிதி. இவ்வேறுபாட்டை எடுத்துக்கூறி உலமாக்களிடம் விளக்கம் பெறலாம்.

பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளும், முதலாளியும் பெரும்பான்மைப் பணியாளரும் இசைந்தால், விரும்பிச் சேரப் புதிய சட்டம் இடமளிக்கிறது. குறைந்த வருமானமுள்ள பணியாளருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெற்றுத் தருவதும் முதலாளி செய்யத்தக்க உதவியே. ஆயினும் நோயால் இழந்த கூலியை அவ்வட்டை ஈடு செய்யாது.

பணியாளரைச் சகோதரர் என்றே அழைத்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். தாம் உண்பதையே அவருக்கும் உண்ணக் கொடுக்கப் பணித்தார்கள். ஒரே உணவை உண்ணும் சகோதரருக்கு நோயில் மட்டும் வேறு நீதி உண்டோ? முதலாளிமார் இன்றே தம் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்களாக. அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக!