கீறல் சிறிது, உடைவு பெரிது

ஐஸ் கட்டியைக் குவளைத் தண்ணீரில் போட்டதும் ‘படக்’கென்று விரிசல் விடுகிறதே, ஏன்? வெளிப்புறம் சட்டென்று சூடேறி விரிகிறது. உட்புறமோ இன்னும் உறைகுளிரில் இருக்கிறது. இந்த இழுபறியை ஐஸ் தாங்குவதில்லை. இரும்புக் கம்பி வளைந்து கொடுக்கும். ஐஸ், கண்ணாடி, சிலிக்கன் ஆகியவை வளையாமலே உடைந்துவிடும்.

பினாங்கு மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1972-இல் இண்டெல் நிறுவனம் ஆலை திறந்த காலந்தொட்டு, கணினிச் சில்லுகள் பலருக்கு இங்கே சோறு போடுகின்றன. சில்லின் உடல் சிலிக்கன்; அதைத் தாங்குவது பெரும்பாலும் செம்பு. சூடேறினால் செம்பு சிலிக்கனைவிட ஆறு மடங்குக்கு மேல் விரியும். பற்றவைக்கும் வெப்பமோ 200 பாகை செல்சியஸைத் தாண்டும். ஆறும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

நொறுங்கும் பொருளின் வலிமையைக் குறைப்பது அதிலுள்ள நுண்ணிய கீறலே என்று 1921-இல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கினார். கீறலின் நுனியில் இழுவிசை குவிகிறது. விரிசல் பரவப் போதிய ஆற்றல் கிடைத்ததும் ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறது.

இதைத்தான் கணினி முன்கூட்டியே காட்டுகிறது. திரையில் சில்லை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் அண்டைக் கூறை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். உடையக்கூடிய இடம் தெரிந்தால் தடிப்பையோ சூட்டையோ மாற்றலாம்; நூறு சில்லுகளை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால், சொல்லப்படாத கீறலைக் கணினி அறியாது. காரின் பிரேக்கை இயக்கும் சில்லில் அப்படியொன்று ஒளிந்திருந்தால், அது சோதனையில் தேறி, சாலையில் உடையலாம். எனவே, நுண்ணோக்கியில் கீறல் தேடும் ஊழியரின் கண்ணுக்கு இன்றும் வேலை உண்டு.