அடுத்த வீட்டு இந்தோளம்

புனே நகரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து மனத்தில் சுமந்து வந்த பாட்டுக்களையே திரும்பத் திரும்பக் கேட்போம். புதியது வந்தால் காதைப் பொத்திக்கொள்வோம். நாமும் ஒன்பது ஆண்டுகள் அவ்வாறே இருந்தோம். அடுத்த வீட்டு மராத்திய மூதாட்டியை நம் குழந்தைகள் 'ஆஜி' என்பர். இரவில் அவர் தம்பூராவை மீட்டிப் பாடத் தொடங்கியதும் நாம் ஜன்னலைச் சாத்திவிடுவோம். பகலெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் ரசீதுகளோடு மல்லாடிவிட்டு வரும் நமக்கு உறக்கமன்றோ பெரிது!

அன்னையார் மறைந்த பின், தந்தையாரைக் கும்பகோணத்திலிருந்து அழைத்து வந்தோம். பாஷை தெரியாத ஊர். உணவு குறைந்தது, பேச்சு அதனினும் குறைந்தது. மார்கழியில் ஓரிரவு, நாம் சாத்திய ஜன்னலை அவரே எழுந்து திறந்தார்.

"டேய், இது இந்தோளமடா!" என்றார்.

பல வாரங்களுக்குப் பின் அவர் தாமாகப் பேசிய பேச்சு அது.

மறுநாள் ஆஜியிடம் கேட்டோம். அது மால்கௌன்ஸ் என்றார். பெயர்தான் வேறு, சுரங்கள் ஐந்தும் அவையே. நம்மவர் கமகத்தோடு கடந்து செல்லும் இடத்தில் அவர்கள் நெடுநேரம் நின்று நிதானிக்கிறார்கள். "அவசரமில்லாத இந்தோளம்" என்று தந்தையார் அதற்குப் பெயரிட்டார்.

கேளாத இசையைத் தேடுவோருக்கு இதனினும் எளிய வழி நாம் அறியோம். தெரிந்த ராகத்தின் விரலைப் பற்றிக்கொண்டு தெரியாத வீட்டினுள் நுழையலாம். மோகனம் அறிந்தவர் பூபாலியையும், கல்யாணி அறிந்தவர் யமனையும், சுத்த சாவேரி அறிந்தவர் துர்காவையும் தேடிப் பார்க்கட்டும். கைப்பேசியை அதன் போக்கில் விட்டாலோ, நேற்றுக் கேட்டதையே இன்றும் நீட்டும்.

குருவின் குருவைத் தேடிப் போவது மற்றொரு வழி. ஆஜியின் கூடத்தில் பீம்சேன் ஜோஷியின் படம் உண்டு. சிறுவயதில் அப்துல் கரீம் கானின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு மயங்கியவர் அவர். 1933-இல், 11 வயதில், குருவைத் தேடி வீட்டை விட்டுச் சீட்டின்றி ரயிலேறினார். (சீட்டில்லாப் பயணத்தை நாம் ஆதரிப்பதற்கில்லை, உத்தியோகம் அப்படி!) இறுதியில் சவாய் கந்தர்வரிடம் பயின்றார். 1953-இல் அக்குருவின் நினைவாக இந்நகரில் அவர் தொடங்கிய விழா இன்றும் நடைபெறுகிறது. சவாய் கந்தர்வரின் குருவோ, அந்த இசைத்தட்டின் அப்துல் கரீம் கானே!

அவர் நமக்கும் அந்நியரல்லர். கருநாடக இசையைக் கற்றுத் தியாகராஜர் கிருதியையே இசைத்தட்டில் பாடியவர். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் செல்கையில் மார்வலி கண்டு, சிங்கப்பெருமாள்கோவில் நிலையத்தில் இறங்கினார். அங்கேயே, இறைவனைப் பாடியவாறு உயிர் நீத்தார் என்பர்.

இதை ஆஜி சொல்ல, நாம் தமிழாக்க, தந்தையார் நெடுநேரம் மௌனமாயிருந்தார். அவ்வழியே எத்தனையோ முறை போய்வந்தவர் அவர். அடுத்த முறை ஊருக்குப் போகையில் அந்நிலையத்தில் இறங்க வேண்டுமாம். விரைவு வண்டிகள் அங்கே நில்லா. சென்னையிலிருந்து செங்கல்பட்டு மின்தொடரில்தான் போக வேண்டும். விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.