கடல் முயல் கற்ற பாடம்



கலிஃபோர்னியக் கடலோரத்தில் வாழும் பெரிய நத்தை இனம், கடல் முயல். அதன் உடலில் சுமார் 20,000 நரம்பணுக்களே உண்டு. நீரை வெளியேற்றும் அதன் குழாயை மெல்லத் தொட்டால், செவுளைச் சட்டென உள்ளிழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், அந்த வேகம் குறைந்துகொண்டே வரும். உளவியலில் இதற்குப் பழக்கமாதல் என்று பெயர். பரிசு இல்லை, தண்டனை இல்லை, ஒன்றோடு ஒன்றை இணைத்துப் பார்ப்பதும் இல்லை. கற்றலிலேயே மிக எளிய வகை இது.

ஒருவேளை களைப்போ? இல்லை. வாலில் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்ததும் பழைய வேகம் திரும்பிவிடுகிறது.

வேகம் குறைவதன் காரணத்தைக் கண்டறிந்தவர்கள் விஞ்ஞானி எரிக் கேண்டலும் அவருடைய குழுவினரும். தொடுகையை உணரும் நரம்பணு, தசையை இயக்கும் நரம்பணுவுக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைந்துவிடுகிறது. தினம் 10 தொடுகை வீதம் 4 நாள் பழக்கியபோது, அந்தப் பாடம் வாரக்கணக்கில் நிலைத்தது! இத்தகைய ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மேலும் இருவருடன் கேண்டல் பகிர்ந்துகொண்டார்.

சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் ஓசை நம் கவனத்தை விட்டு விலகுவதும் இதே வகைக் கற்றல்தான். மாறாததை ஒதுக்கத் தெரிந்ததால்தான், புதிதாக எழும் ஒலியை உடனே கவனிக்கிறோம்.