அதிவேகத்துக்கு ஒரு தனிப்பாதை

1957 மே 30. டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள யமஹா அரங்கில் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்கள் பொதுமக்கள் முன்னால் பேசினார்கள். நிறுவனத்தின் ஐம்பதாவது ஆண்டையொட்டி நடந்த கூட்டம் அது. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு மூன்று மணி நேரத்தில் ரயில் விடமுடியும் என்று அங்கே அறிவித்தார்கள். அந்த வழியில் அன்று ஓடிய மிக வேகமான ரயிலுக்கே ஏழரை மணி நேரம் பிடித்தது. அதுவும், ரயிலின் காலம் முடிந்தது என்று உலகம் பேசிக்கொண்டிருந்த சமயம். அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளும் விமான நிலையங்களும் பெருகப் பெருக, பயணிகள் ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன.

ஏழே ஆண்டுகளில் அந்தப் பாதை தயாராகிவிட்டது. 1964 அக்டோபர் 1 காலை 6 மணிக்கு டோக்கியோவிலிருந்தும் ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ‘ஹிக்காரி’ ரயில்கள் கிளம்பின. டோக்கியோ ஒலிம்பிக் தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் தினந்தோறும் பயணிகளை ஏற்றிச் சென்ற பாதை உலகில் அதற்கு முன் கிடையாது. டோக்கைடோ ஷின்கான்சென் என்ற அந்தப் பாதையின் நீளம் 515 கிலோமீட்டர்.

நீலமும் வெள்ளையும் பூசிய, உருண்டை மூக்கு வைத்த அந்த ரயிலின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் அதன் வெற்றிக்கு அடித்தளம் போட்ட முடிவு ரயிலைப் பற்றியதல்ல, பாதையைப் பற்றியது.

ஜப்பானின் பழைய ரயில் பாதைகளில் தண்டவாள இடைவெளி 1,067 மில்லிமீட்டர். தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஓடிய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் கூடுதல். டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்த பழைய டோக்கைடோ பாதை, நாட்டின் மொத்த ரயில் பாதை நீளத்தில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் மொத்தப் போக்குவரத்தில் ஏறத்தாழ கால்பங்கை அது சுமந்தது. நெரிசல் தாங்காது, கூடுதல் பாதை வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பழைய பாதையை ஒட்டியே இன்னொரு ஜோடித் தண்டவாளம் போட்டுவிடலாம் என்று ரயில்வேக்குள்ளேயே பலர் சொன்னார்கள். செலவும் குறைவு, பழைய ரயில்களையே இரண்டிலும் ஓட்டலாம்.

தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோ அதற்கு இசையவில்லை. 1955-இல் பதவி ஏற்றபோது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. 1,435 மில்லிமீட்டர் இடைவெளியில் முற்றிலும் தனியான பாதை, சரக்கு ரயில் இல்லை, மெதுவான ரயில் இல்லை, லெவல் கிராசிங் ஒன்றுகூட இல்லை என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். தலைமைப் பொறியாளராக ஹிதேயோ ஷிமாவை அழைத்துவந்தார். 1951-இல் யோகோஹாமாவில் சகுராகிச்சோ நிலையத்தருகே ரயில் தீப்பிடித்து 106 பேர் இறந்தார்கள். அப்போது ரயில் பெட்டிப் பிரிவின் பொறுப்பில் இருந்த ஷிமா வேலையை விட்டு விலகித் தனியார் நிறுவனத்துக்குப் போயிருந்தார். அவருடைய தந்தை யசுஜிரோ ஷிமாவும் ரயில்வே பொறியாளர். அகலமான பாதைக்காக வாதாடித் தோற்றவர். திரும்பி வர மகன் தயங்கினார். சோகோ விடவில்லை.

தனிப்பாதையின் அருமை புரியவேண்டுமானால் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானின் பழைய பாதைகளில் ஓடிய ரயில், அவசரத்தில் பிரேக் போட்டால் 600 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது அன்றைய விதி. கிராசிங்கில் ஒரு லாரி மாட்டிக்கொண்டால் ஓட்டுநர் கண்ணால் பார்த்து நிறுத்தவேண்டுமே, அதற்காக. இந்த ஒரு விதியே வேகத்துக்குக் கூரை போட்டுவிடும். எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி கொடுத்தாலும் பயனில்லை. கிராசிங்கே இல்லாத பாதையில்தான் அந்தக் கூரை விலகும். வளைவுகளுக்கும் இதே கதைதான். புதிய பாதையில் வளைவின் ஆரம் பொதுவாக 2,500 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று வைத்தார்கள். மலைக்கும் ஊருக்கும் வளைந்து கொடுத்துப் போன பழைய பாதையில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

பாதை சரி, சக்கரம் ஒத்துழைக்க வேண்டுமே. ரயில் சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இருக்காது. லேசாகச் சரிந்த கூம்பு வடிவில் இருக்கும். வளைவில் திரும்ப உதவுவது அந்தச் சரிவுதான். வேகம் ஒரு அளவைத் தாண்டினால் அதுவே வினையாகிவிடும். சக்கர ஜோடி இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். அலைச்சல் தானாகவே பெருகிப் பெருகித் தண்டவாளத்தை முறுக்கும். ரயிலைக் கவிழ்க்கவும் செய்யும். தண்டவாளம் கோணலாக இருப்பதால்தான் இந்த ஆட்டம் என்று ரயில்வேக்காரர்கள் நம்பினார்கள். ரயில்வே ஆய்வு நிறுவனப் பொறியாளர் ததாஷி மட்சுதைரா மறுத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானின் ஸீரோ போர் விமானத்தின் இறக்கை ஏன் வானத்தில் நடுங்கி உடைகிறது என்று ஆராய்ந்தவர் அவர். விமான இறக்கையைப் போலவே ரயில் சக்கரமும், வெளியிலிருந்து யாரும் அசைக்காமலே, வேகத்திலிருந்து ஆட்டத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்றார். உருளைகள் மேல் சக்கரங்களை முழு வேகத்தில் ஓடவிட்டு ஆய்வுக்கூடத்திலேயே சோதித்தார்கள். சக்கரச் சரிவைப் பழைய இருபதில் ஒரு பங்கிலிருந்து நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். பெட்டிகளைக் காற்று நிரப்பிய ஸ்பிரிங்குகள் மேல் உட்கார வைத்தார்கள். ஆட்டம் அடங்கியது.

ரயிலின் உருவத்தை வடிவமைத்த ததனாவோ மிக்கியும் கடற்படை விமானப் பொறியாளர். ஓக்கா என்ற தற்கொலைத் தாக்குதல் விமானத்தை வடிவமைத்தவர். போர் முடிந்ததும், ஆயுதத்துக்குப் பயன்படாத வேலை வேண்டும் என்று தேடி ரயில்வேக்கு வந்தார். தோல்வியடைந்த ராணுவத்தின் அறிவு ஒரு நாட்டின் அன்றாடப் பயணத்துக்கு இப்படி இடம் மாறியது இந்தக் கதையின் மிக நல்ல பகுதி என்றே தோன்றுகிறது.

சிக்னலை ராணுவத் தகவல் தொடர்பிலிருந்து வந்த ஹஜிமே கவனாபே குழுவினர் கவனித்தார்கள். 210 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 58 மீட்டர். பாதையோரம் நிற்கும் சிக்னல் கம்பத்தை ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக் போடுவதற்குள் ரயில் எங்கோ போயிருக்கும். அதனால் கம்பமே வேண்டாம் என்று தூக்கிவிட்டார்கள். அனுமதிக்கப்பட்ட வேகம் தண்டவாளம் வழியாகவே மின் சைகையாக வந்து ஓட்டுநர் அறையில் எண்ணாகத் தெரியும்: 210, 160, 110, 70, 30. ரயில் அதை மீறினால் பிரேக் தானாக விழும்.

எஞ்சினையும் தூக்கிவிட்டார்கள். பன்னிரண்டு பெட்டிகளின் எல்லா அச்சுகளுக்கும் ஆளுக்கொரு மின்மோட்டார், மொத்தம் 48. எடை ரயில் முழுவதும் பரவியதால் ஜப்பானின் இளகிய மண்ணில் போட்ட பாதைக்கு நோகவில்லை. ஒரு மோட்டார் பழுதானால் மற்றவை இழுத்துக்கொள்ளும். பிரேக் போடும்போது அதே மோட்டார்கள் வேகத்தைக் குறைக்கவும் உதவும். ஷிமா ஆரம்பத்திலிருந்தே இந்த முறைக்காக வாதாடியவர்.

பணம்தான் பெரிய மலை. உண்மையான செலவைச் சொன்னால் நாடாளுமன்றம் விரட்டிவிடும் என்று சோகோவுக்குத் தெரியும். 20,000 கோடி யென்னுக்குச் சற்றுக் குறைவான கணக்கைக் காட்டி அனுமதி வாங்கினார். அரசாங்கம் மாறினாலும் திட்டம் கைவிடப்படக்கூடாது என்பதற்காக உலக வங்கியில் கடன் வாங்கும்படி யோசனை சொன்னவர் நிதியமைச்சர் எய்சாகு சாத்தோ. 1961 மே மாதம் 8 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். ஆனால் கையெழுத்து விழுந்தபின் ஜப்பான் அரசு பின்வாங்க முடியாது. பரிசோதனை முயற்சிகளுக்கு வங்கி கடன் தராது. அதனால், இதில் புதுமை எதுவும் இல்லை, ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட தொழில்நுட்பங்களைச் சேர்த்துக் கட்டுகிறோம் என்று ஜப்பான் தரப்பு விளக்கியது. பெருமளவு உண்மையும் அதுதான்.

கட்டுமானம் 1959 ஏப்ரல் 20-இல் தொடங்கியது. ஐந்தரை ஆண்டில் முடிந்ததற்கு ஒரு காரணம், போருக்கு முன்பே இதே வழியில் ஒரு வேக ரயிலுக்குத் திட்டம் போட்டு, நிலம் வாங்கி, சில சுரங்கங்களையும் தோண்டத் தொடங்கியிருந்தது. ஒடவாரா அருகே கமோனோமியாவில் சுமார் 30 கிலோமீட்டர் பாதையை முதலில் முடித்துச் சோதனைக்கு விட்டார்கள். 1963 மார்ச் 30-இல் அங்கே ரயில் 256 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. சுரங்கத்துக்குள் நுழைந்தால் காற்றழுத்தம் மாறிக் காது அடைக்கிறது என்பதும் அந்தச் சோதனையில்தான் தெரிந்தது. பெட்டிகளைக் காற்றுப் புகாமல் மூடும்படி மாற்றினார்கள்.

அதே ஆண்டு செலவு விவகாரம் வெடித்தது. கணக்கு 38,000 கோடி யென்னை எட்டியது. மே மாதம் சோகோ பதவியிலிருந்து இறங்கினார், ஷிமாவும் விலகினார். முதல் ரயில் கிளம்பிய காலையில் அந்த நடைமேடையில் இருவரும் இல்லை. ஷிமா வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார். பின்னாளில் ஜப்பானின் விண்வெளி மேம்பாட்டு நிறுவனத்தின் முதல் தலைவர் ஆனவர் அவரேதான். டோக்கியோ நிலையத்தில் 18, 19 எண் நடைமேடையின் ஒரு முனையில் சோகோவின் உருவம் பதித்த நினைவுச்சின்னம் இன்று இருக்கிறது.

ஓடத் தொடங்கியபின்தான் பல தொல்லைகள் தெரிந்தன. புதிய மண்கரை இறுகாததால் முதல் ஆண்டில் நான்கு மணி நேரப் பயணம்தான். 1965 நவம்பரில்தான் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் குறைந்தது. செகிகஹாரா பகுதியின் பனி இன்னொரு தலைவலி. ஓடும் ரயில் கிளப்பிய பனித்தூள் பெட்டியின் அடியில் ஒட்டிக் கட்டியாக உறையும். வெப்பமான பகுதிக்கு வந்ததும் கட்டி பெயர்ந்து தண்டவாளத்து ஜல்லிமேல் விழும். சிதறிய ஜல்லி ஜன்னலை உடைக்கும். பாதையோரம் தெளிப்பான்கள் வைத்துப் பனியை ஈரமாக்கி, தூளாகப் பறக்காமல் பார்த்துக்கொள்வதே கண்ட வழி. இன்றும் கடும்பனி நாளில் அங்கே வேகத்தைக் குறைக்கிறார்கள்.

இரைச்சலுக்கு அவ்வளவு எளிதில் வழி பிறக்கவில்லை. நகோயாவில் பாதையோரம் குடியிருந்தவர்கள் 1974-இல் வழக்குப் போட்டார்கள். 1986-இல்தான் சமரசம் ஆனது. இதற்கிடையே 1975-இல் அரசு இரைச்சலுக்கு வரம்பு விதித்தது. பிறகு வந்த ரயில்களின் மூக்கு நீண்டதற்கும் பெட்டி எடை குறைந்ததற்கும் அந்த வரம்பு ஒரு பெரிய காரணம்.

இன்று அதே பாதையில் ரயில் 285 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நெரிசல் நேரத்தில் ‘நோசொமி’ என்ற மிக வேகமான ரயில்கள் மட்டுமே மணிக்குப் பன்னிரண்டு வரை கிளம்பும். ஒவ்வொன்றிலும் 16 பெட்டிகள், 1,323 இருக்கைகள். இதுவரை பயணம் செய்தவர்கள் 600 கோடிக்கும் மேல். தடம் புரண்டோ மோதியோ இறந்த பயணி ஒருவரும் இல்லை. விபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது: 1995 டிசம்பரில் மிஷிமா நிலையத்தில் கதவில் சிக்கி இழுபட்ட ஒரு மாணவர் உயிரிழந்தார். அதன்பின் கதவு அமைப்பு மாற்றப்பட்டது.

இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி பயணிகள் கண்ணுக்குப் படாத நேரத்தில் உருவாகிறது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை பயணிகள் ரயில் கிடையாது. அந்த நேரத்தில் தொழிலாளர்கள் ஜல்லியை இறுக்கி, தண்டவாளத்தை மாற்றி, மேலே செல்லும் மின்கம்பியைச் சரிபார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் சோதனை வண்டி ஒன்று ஓடி, மறந்துபோன கருவி ஏதும் பாதையில் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் ரயிலுக்கு வழிவிடுகிறார்கள். ‘டாக்டர் யெல்லோ’ என்ற மஞ்சள் ஆய்வு ரயில்கள் சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை 270 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே பாதையை அளந்துவந்தன. அவற்றில் ஒன்று 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றது. இனி அந்த வேலையைப் பயணிகள் ரயில்களிலேயே பொருத்தப்படும் கருவிகள் ஏற்கும். நிலநடுக்கத்தின் மெல்லிய முதல் அலையை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பும் 1992 முதல் காவல் இருக்கிறது.

மும்பையிலிருந்து அகமதாபாத்துக்கு 508 கிலோமீட்டரில் அமையும் இந்தியாவின் முதல் அதிவேகப் பாதையும் ஷின்கான்சென் முறையையே பின்பற்றுகிறது. 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட அதற்கும் தனிப்பாதைதான்; நம் அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டரை விட்டு 1,435-ஐத் தேர்ந்ததும் அதனால்தான். அந்த ரயில் ஓடத் தொடங்கும்போது அதன் வேகம் தலைப்புச் செய்தியாகும். இரவில் எத்தனை மணி நேரம் பாதையை மூடிப் பராமரிக்கிறார்கள், அந்த நேரத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார்களா என்பதையும் வாசகர்கள் சேர்த்துக் கேட்க வேண்டும்.