மசகு போட்ட சேறு

தூத்துக்குடி ஸ்பிக் ஆலை நாப்தாவைக் கொண்டு யூரியா தயாரித்த காலம் போய், இப்போது அங்கே இயற்கை எரிவாயு வருகிறது. 2021 பிப்ரவரி 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ராமநாதபுரம் – தூத்துக்குடி எரிவாயுக் குழாயின் நீளம் 143 கி.மீ. குழாயைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. அதன் மறுமுனையில் உள்ள ஓ.என்.ஜி.சி. கிணறுகளைத் தோண்டும்போது உள்ளே என்ன ஓடுகிறது என்பதை மட்டும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. முத்துச்சிப்பி விளைந்த கடலோரத்தில் இருப்பவர்களாவது அதைக் கேட்டாக வேண்டும்.

உள்ளே ஓடுவது சேறு. ரிக்கில் வேலை செய்பவர்கள் 'மட்' என்பார்கள். பெரும்பாலும் தண்ணீர், அதில் கட்ச் பக்கத்து பெண்டோனைட் களிமண், எடை கூட்ட ஆந்திரத்து மங்கம்பேட்டையில் கிடைப்பது போன்ற பேரைட், கொஞ்சம் பாலிமர். குழாய் வழியே இறங்கி, துளைக்கும் முனையில் பீறிட்டு, உடைந்த பாறைத்தூளை அள்ளிக்கொண்டு வெளிப்பக்கமாக மேலே ஏறி வரும். துளையின் சுவர் சரியாமல் தாங்குவதும், அடியிலுள்ள வாயு திமிறி வராமல் அழுத்திப் பிடிப்பதும் இதுதான். மணற்பாங்கான ஊர்களில் கை போர் போடுகிறவர்கள் சாணியும் களிமண்ணும் கரைத்து ஊற்றுவதும் சுவர் சரியாமல் இருக்கத்தான். 1901-இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் குளத்துக்குள் மாடுகளை ஓட்டிவிட்டுச் சேறு கலக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. இரண்டு ஊரிலும் மாடு இல்லாமல் வேலை நடக்கவில்லை போலும்.

சேற்றால் ஆகாத காரியம் ஒன்று உண்டு: வழுக்குவது. சோதனைக் கருவியில் இரும்பும் இரும்பும் வெறும் தண்ணீரில் உரசினால் உராய்வுக் கெழு சுமார் 0.34. எண்ணெயில் கலக்கிய சேற்றில் அது 0.1-ஐ ஒட்டி இறங்கிவிடும். நேர்குத்தான கிணற்றில் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடலாம். இன்றைய கிணறுகளோ ஓரிடத்தில் இறங்கி, சாய்ந்து, எங்கோ போய்ச் சேர்கின்றன. இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளக் குழாய் துளையின் அடிப்பக்கத்தில் படுத்தபடி சுழல வேண்டும். மேலே மோட்டார் கொடுக்கும் முறுக்கை வழிநெடுக உராய்வே தின்றுவிடும். முனைக்குப் பலம் போய்ச் சேராது. சில நேரம் குழாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையவே மறுக்கும்.

அந்தக் காலத்து வைத்தியம், சேற்றில் டீசலைக் கலப்பது. வழுக்கும், மலிவும்கூட. கடல் உயிர்களுக்கு நஞ்சு என்பதால், எண்ணெய்க் கிணற்றுக் கழிவு பற்றி மத்திய அரசு 2005 ஆகஸ்ட் 30-இல் வெளியிட்ட விதிகள் டீசல் சேற்றையே தடை செய்துவிட்டன. இப்போது தண்ணீர்ச் சேற்றில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை மசகுப் பொருள் சேர்க்கிறார்கள். தாவர எண்ணெயிலிருந்து எடுத்த எஸ்டர், கொழுப்பு அமிலம், கிளைக்கால், கிராஃபைட், பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் என்று பல வகை. கொழுப்பு அமில மூலக்கூற்றின் தலை இரும்பில் ஒட்டிக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படி நெருக்கமாக நிற்கும் மூலக்கூறுகள் மெல்லிய படலமாகி, இரும்பு பாறையை நேராகத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலத்தை நம்பித்தான் அவ்வளவு நீளக் குழாயும் சுழல்கிறது.

படலம் எப்போதும் நிலைப்பதில்லை. சேறு காரத்தன்மை உள்ளது. ஆழத்தில் சூடும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் எஸ்டர் உடைந்து கொழுப்பு அமிலமாகிறது. பாறையிலிருந்தோ சிமென்டிலிருந்தோ வரும் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ள, கரையாத சோப்பு திரள்கிறது. உப்பு போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேதியியல்தான். கிணற்றில் அது பிசுபிசுவென்று கட்டியாகி சல்லடையை அடைக்கும், மசகும் வீணாகும். ஆகவே நல்ல மசகு என்பது கால்சியத்துக்கும் சூட்டுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும், கடலில் விழுந்தால் மட்டும் சீக்கிரம் சிதைய வேண்டும். உள்ளே உறுதி, வெளியே பலவீனம்: வேதியியலாளரிடம் கேட்கக்கூடாத வரம்தான். கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தாவர எண்ணெய் என்றாலே தீங்கில்லை என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடலை எண்ணெயை ஒரு குளத்தில் ஊற்றினாலும் மீன் சாகும். அது மட்கும்போது தண்ணீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். எதை, எவ்வளவு, எங்கே, எந்த உயிரின் மேல் என்பதுதான் விஷயம்.

மேலே சொன்ன விதிகள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. மைசிட் என்னும் சின்னஞ்சிறு இறால் போன்ற உயிரியை, சேற்றில் சேர்க்கும் பொருள் கலந்த நீரில் 96 மணி நேரம் வைக்க வேண்டும். பாதி சாகும் அளவு லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்தான் அது பயன்படுத்தத் தக்கது. மைசிட் சோதனை அமெரிக்கக் கடலுக்காக உருவானது. நாலு நாளில் சாகிறதா என்று பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு கேள்வி தெரியாது.

முத்துச்சிப்பியிடம் கேட்க வேண்டியது வேறு. அது ஓரிடத்தில் ஒட்டியிருந்து, மணிக்கு லிட்டர் கணக்கில் கடல்நீரை வடிகட்டிச் சாப்பிடும் உயிர். மணல் துகள் உள்ளே போனால் முத்தாகிவிடும் என்பது பள்ளிக்கூடக் கதை. உண்மையில் சிப்பி வேண்டாத துகளைச் சளியில் சுருட்டி வெளியே தள்ளிவிடும். அதற்குச் சக்தி செலவாகும். மெல்லிய களிமண் ஓயாமல் வந்துகொண்டிருந்தால், சிப்பி சாகாது, வளராமல் நிற்கும். மசகின் எண்ணெய்த் துளிகள் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு வந்தால் தொல்லை இரட்டிப்பாகும்.

இதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. கனடாவின் ஜார்ஜஸ் பேங்க் பகுதியில் விளையும் ஸ்காலப் சிப்பிகளை 1990-களில் அந்நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தண்ணீர்ச் சேற்றின் பெண்டோனைட்டும் பேரைட்டும் மிகக் குறைந்த அளவில் இருந்தபோதே, வாரக்கணக்கில் தொடர்ந்ததால் சிப்பியின் சதையும் இனப்பெருக்க உறுப்பும் வளரவில்லை. ஜார்ஜஸ் பேங்கின் கனடியப் பகுதியில் 1988 முதல் எண்ணெய்த் தோண்டலுக்குத் தடை நீடிக்கிறது.

மன்னார் வளைகுடாவில் இலங்கைப் பக்கம் 1981-இல் தோண்டிய கிணற்றின் பெயரே 'பேர்ல்-1', ஒன்றும் கிடைக்கவில்லை. 2011-இல் ஜப்பானின் 'சிக்யூ' கப்பலைக் கொண்டு கெய்ர்ன் நிறுவனம் ஆழ்கடலில் தோண்டி, டொராடோ, பாரகுடா என்ற கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. நம் பக்கம் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஓ.என்.ஜி.சி.க்கு ஆழ்கடல் பிளாக்குகள் ஒதுக்கியதும் மீனவர்கள் எதிர்த்ததும் சமீபத்திய செய்தி. கரையிலிருந்து 5 கி.மீ.க்குள் தோண்டினால் சேற்றையும் பாறைத்தூளையும் கரைக்குக் கொண்டுவர வேண்டும்; அறிவிக்கப்பட்ட நுண்ணுணர்வுப் பகுதிகளில் பாறைத்தூளைக் கொட்டவே கூடாது. விதியில் இவை உண்டு. ஆனால் தொலாயிரம் பார் போன்ற முத்துப் பார்கள் (சிப்பி விளையும் கடலடித் திட்டுகள்) பல 5 கி.மீ.க்கும் அப்பால்தான் கிடக்கின்றன. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார்கள் மெலிந்து கிடக்கின்றன என்பதே கூடுதல் கவனத்துக்கான காரணம்.

2005 விதியிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது: மைசிட்டுக்குப் பதிலாக, அந்தந்தக் கடலில் கிடைக்கும் எளிதில் பாதிக்கப்படும் உயிரிலும் சோதிக்கலாம். தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 1981-இலேயே பொரிப்பகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை உருவாக்கிக் காட்டிவிட்டது. மசகு கலந்த சேற்றை அந்தக் குஞ்சுகளிடம் நாலு நாளுக்குப் பதில் நாலு வாரம் வைத்து, சாவோடு வளர்ச்சியையும் அளந்து பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் தோண்ட யார் அனுமதி கேட்டாலும், விதி இப்போது 'செய்யலாம்' என்று விட்டிருக்கும் இந்தச் சோதனையை அனுமதிக் கடிதத்தில் 'செய்ய வேண்டும்' என்று எழுதினால் போதும்.